இளவட்டக்கல்

"அந்தக் கல்ல சிவாஜி தூக்கிட்டாராடா?"

அம்மா இதைக் கேட்டது 2025 காலாண்டு விடுமுறையில். சென்னையில் ஒரு பெரிய மாலின் மேல்மாடியில், தியேட்டருக்கு வெளியே போட்டிருந்த நீளமான சோபாவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எந்தக் கல் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. 'முதல் மரியாதை' படத்தில் வரும் இளவட்டக்கல்லை அம்மா கேட்கிறார் என்று புரிந்தபோது, உடம்பு ஒருமுறை குளிர்ந்து அடங்கியது. அந்தப் படத்தை நாங்கள் பார்த்தது 1985 செப்டம்பரில், அண்ணா சாலை சாந்தி தியேட்டரில். "நாங்க எல்லாரும் ஒண்ணா மெட்ராஸ் போயி சாந்தி தியேட்டர்ல படம் பாத்தோம்" என்று நாற்பது வருஷமாக நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் அம்மாவும் இருந்தார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதையை இப்போது முதலிலிருந்து மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் அண்ணாமலை தெரியும். கிழக்கே பஸ் ஏறினால் முதலில் வருவது செஞ்சிக் கோட்டை. அன்று எங்கள் ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-ல்தான். கலெக்டரைப் பார்க்க வேலூர் போக வேண்டும், சினிமா பார்க்கத் திருவண்ணாமலை போக வேண்டும் என்பது அன்றைய நிலைமை. மெட்ராஸ் என்பது வேலை தேடிப் போகிற இடம்; போனவர்கள் பொங்கலுக்குத்தான் ஊர் திரும்புவார்கள். படம் பார்ப்பதற்காக அங்கே போனவர்கள் என்று எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை.

அந்த வருஷம் மல்லாட்டை நன்றாக விளைந்திருந்தது. மண்டிக்காரர்கள் மணிலா என்று எழுதுவார்கள், புத்தகத்தில் நிலக்கடலை என்று இருக்கும், எங்களுக்கு அது மல்லாட்டை. அப்பா மூட்டைகளை மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்த ராத்திரி, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி சொன்னார்: "பரீட்ச லீவுக்கு எல்லாரும் மெட்ராஸ் போறோம். சிவாஜி படம் பாக்கறோம்." அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது. "எல்லாருமா?" என்று கேட்டார். "எல்லாருந்தான். ஆயாவும்தான்" என்றார் அப்பா.

ஆறு பேர். அப்பா, அம்மா, ஆயா, பத்து வயதில் நான், ஏழு வயதில் தம்பி, எட்டு மாதக் கைக்குழந்தையாகத் தங்கை. சைதாப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கு அப்பா கார்டு எழுதிப் போட்டார். அட்வான்ஸ் புக்கிங்கில் டிக்கெட் எடுத்து வைக்கும்படி அதில் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்.

எங்களுக்குத் தெரிந்த சினிமா டூரிங் கொட்டகை சினிமா. அங்கே ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும். படச்சுருள் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 11 நிமிஷம் ஓடும். ஒரு முழுப்படம் என்பது பதினான்கு, பதினைந்து சுருள். ஒட்டி வைத்த சுருள் முடிகிறபோதெல்லாம் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள். மூன்று, நான்கு இடைவேளை வரும். பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்கள் கொடுத்துக்கொள்வார்கள், தூங்குகிற பிள்ளையை மணலில் துணி விரித்துக் கிடத்துவார்கள். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீற்றுத் தட்டியோரம் நின்றபடியே படம் பார்க்கலாம். யாருக்கும் அது இடைஞ்சலாகத் தெரியாது.

அதற்கும் முன்னால் எங்களுக்குத் தெரிந்தது கூத்து. திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறினால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. பாயும் போர்வையுமாகப் போய்க் களத்தைச் சுற்றி உட்கார்ந்தால், விடிகிறபோதுதான் எழுந்து வருவது. குழந்தைகள் அழும், தூங்கும், மறுபடி விழிக்கும். துச்சாதனன் துகிலை இழுக்கிற இடத்தில் மடியில் கிடக்கும் பிள்ளைகளும் சேர்ந்து அழுவார்கள். அதற்காக எந்தத் தாயும் எழுந்து போனதில்லை.

*

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். அது என் கண்ணில் பட்டது, கருத்தில் பதியவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து மெட்ராஸ் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். பஸ்ஸில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் ஆண்கள் இறங்கி ஓரமாக ஒதுங்கிவிட்டு வருவார்கள். பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லை. எட்டு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல், அம்மா மெட்ராஸ் வரைக்கும் உட்கார்ந்து வந்தார். ஆயாவும் அப்படித்தான்.

நானும் தம்பியும் ஜன்னலோரம். தூக்கில் புளிச்சோறு, மஞ்சப்பையில் வறுத்த மல்லாட்டை. செஞ்சி வந்ததும் மேலச்சேரிப் பக்கம் திரும்பி ஆயா கும்பிட்டார். திரௌபதி அம்மன் கோயில்களுக்கெல்லாம் அதுதான் தாய்க்கோயில் என்பார். அப்பா கோட்டையைக் காட்டினார். "1677-ல சத்ரபதி சிவாஜி புடிச்ச கோட்ட இது. நாம பாக்கப் போறவரு அந்த சிவாஜியா வேஷம் போட்டு அந்தப் பேர வாங்குனவரு" என்றார். அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் நடித்ததையும், அதைப் பார்த்துவிட்டுப் பெரியார் சிவாஜி என்று அழைத்ததையும், வி.சி.கணேசன் என்ற பேரில் உள்ள 'வி' பக்கத்து விழுப்புரம்தான் என்பதையும் திண்டிவனம் வருவதற்குள் சொல்லி முடித்தார். அப்பா அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. வீட்டில் இருந்த அப்பாவும் அந்த பஸ்ஸில் இருந்த அப்பாவும் வேறு வேறு ஆட்களாக இருந்தார்கள்.

அன்று ராத்திரி சித்தப்பாவின் ஒற்றை அறையில் எல்லாரும் படுத்தோம். மறுநாள் டவுன் பஸ். எல்.ஐ.சி. கட்டடம் வந்ததும் தம்பியும் நானும் மாடிகளை எண்ணினோம். பஸ் ஓடுகிற ஓட்டத்தில் இரண்டு பேருக்கும் வேறு வேறு கணக்கு வந்தது. 'சாந்தி தியேட்டர்' என்றே கண்டக்டர் ஸ்டாப்பின் பேரைச் சொன்னார். ஒரு தியேட்டரின் பேரில் பஸ் நிற்கிறது என்பதே எங்களுக்குப் பெரிய சேதியாக இருந்தது.

சாந்தி தியேட்டர் 1961-ல் திறக்கப்பட்டது. சிவாஜியின் குடும்பத்துத் தியேட்டர். அவர் படங்கள் அங்கே வெளியாவதை ரசிகர்கள் கோயில் திருவிழா மாதிரி நடத்துவார்கள். படம் ஓடாத நேரத்திலும் வாசலில் கூடி நின்று பழைய படங்களைப் பற்றி வாதாடுவார்கள். 'முதல் மரியாதை' வெளியானது அந்த வருஷம் ஆகஸ்ட் 15. நாங்கள் போனபோது ஒரு மாதம் கடந்திருந்தது, கூட்டம் குறையவில்லை. சித்தப்பா டிக்கெட்டுகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அப்பா கையில் கொடுத்தார். அப்பா அவற்றை ஒருமுறை எண்ணினார், பிறகு ஆயா கையில் கொடுத்தார். "நீயே குடும்மா" என்றார். கதவருகில் நின்றவரிடம் எல்லா டிக்கெட்டையும் நீட்டியவர் ஆயா.

உள்ளே ஏ.சி. ஆயா முந்தானையால் தோளை இழுத்து மூடிக்கொண்டார். விளக்கு அணைந்தது. திரையில் ஆறு வந்தது, ஓடம் வந்தது, ஊர்ப் பஞ்சாயத்து வந்தது. நாங்கள் 180 கிலோமீட்டர் தாண்டி, மாநிலத்தின் தலைநகரத்துக்கு வந்து, ஒரு கிராமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "அவங்க பேச்சு நம்ம பேச்சு இல்ல, தெக்கத்திப் பேச்சு" என்று ஆயா என் காதில் சொன்னார். ஆனால் வேட்டியை மடித்துக் கட்டியிருந்த விதம், ஊர்ப் பெரியவர் வீட்டில் இருந்த மௌனம், மண் வீட்டுத் திண்ணை எல்லாம் எங்களுக்குத் தெரிந்தவை. பக்கத்து இருக்கையில் பேன்ட் போட்ட பட்டணத்துக்காரர் ஒருவர் அந்தக் கிராமத்துப் பெரியவருக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம்மைப் போன்றவர்களின் வாழ்க்கை இவ்வளவு பெரிய திரைக்கு உரியதுதான் என்று பத்து வயதில் எனக்குத் தெரிந்தது அந்த இருட்டில்தான்.

பிறகு இளவட்டக்கல் வந்தது. நரைத்த மீசையும் தளர்ந்த உடம்புமாகச் சிவாஜி குனிந்து கல்லைக் கட்டிப் பிடித்தார். தியேட்டர் முழுக்க விசிலும் கைத்தட்டலும். அந்தச் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த தங்கை தூக்கிவாரிப்போட்டு எழுந்து வீறிட்டாள். அம்மா எழுந்தார். எங்கள் முழங்கால்களைத் தாண்டி, குனிந்தபடி, இருட்டில் வெளியே போனார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவும் பார்க்கவில்லை. கல் மேலே எழுந்துகொண்டிருந்தது.

படம் முடிந்து விளக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தார். தோளில் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா எப்போது வெளியே போனார், எவ்வளவு நேரம் நின்றார் என்று யாரும் கேட்கவில்லை. வாலாஜா சாலை வழியாக மெரினாவுக்கு நடந்து போனோம். அங்கே மணலில் உட்கார்ந்து ஆயா ஒன்று சொன்னார்: "கூத்துல கட்டியக்காரன் நம்ம மூஞ்சியப் பாத்துப் பேசுவான். இங்க எம்மாம் பேரு உக்காந்திருந்தோம், ஒருத்தரையும் அவங்க பாக்கலியே." அப்பா அதற்குச் சிரித்தார். எனக்கு அந்த வார்த்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் படம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பல மாதங்கள் ஓடியது. ஆண்களுக்கு அப்பா சொன்னார், பள்ளிக்கூடத்தில் நான் சொன்னேன். ஆனால் அதிகக் கூட்டம் அம்மாவுக்குத்தான். நாற்று நடப் போகிற இடத்திலும் மல்லாட்டைக் கொட்டை உடைக்கிற இடத்திலும் பெண்கள் கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்தார்கள். அம்மா கதை சொல்லும்போது யார் என்ன புடவை கட்டியிருந்தார்கள், வீடு எப்படி இருந்தது என்பதெல்லாம் வராது. யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் குரல் கம்மியது, எங்கே பாட்டு ஆரம்பித்தது என்று ஒன்று விடாமல் வரும். அம்மாவுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம். அந்தப் படம் தமிழின் சிறந்த படமாகத் தேசிய விருது பெற்றபோதும், பாட்டெழுதிய வைரமுத்துவுக்கு விருது வந்தபோதும், நாங்களே வாங்கியது போல இருந்தது. சாந்தி தியேட்டரில் உட்கார்ந்து அதைப் பார்த்த குடும்பம் அல்லவா நாங்கள்.

*

2025-ல் நாங்கள் ஏழு பேர் கிளம்பினோம். அம்மா, நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், தங்கை, அவள் கணவர், அவர்களின் பன்னிரண்டு வயது மகள். அப்பாவும் ஆயாவும் இல்லை. தம்பி ஓசூரில் வேலையில் இருக்கிறான், விடுப்பு கிடைக்கவில்லை. அன்று எட்டு மாதப் பிள்ளையாக இருந்த தங்கை இன்று பள்ளிக்கூட ஆசிரியை.

பெரிய கார். திண்டிவனம் தாண்டினால் அகலமான நெடுஞ்சாலை. மூன்றரை மணி நேரத்தில் சென்னை. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினோம்; இரண்டிலும் சுத்தமான கழிப்பறை இருந்தது. அம்மா காரில் ஏறியதிலிருந்து எவர்சில்வர் பாட்டிலைத் திறந்து திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தார். செஞ்சியில் ஒரு தரம், மேல்மருவத்தூரில் ஒரு தரம். அதைப் பார்த்தபோதுதான் அந்தப் பழைய பஸ்ஸில் அவர் உலர்ந்த உதட்டோடு உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு ஞாபகம் வந்தது. நாடு முன்னேறியதா என்று கேட்பவர்களுக்கு நான் இனி சொல்லப் போகிற பதில் இதுதான்: எழுபது வயதில் என் அம்மா பயணத்தில் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கிறார்.

ஊர்களிலிருந்து வரும் பஸ்கள் அன்று பாரிமுனை வரைக்கும் போகும். 2002-ல் அது கோயம்பேடு ஆனது. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்தில் இப்போது தெற்கிலிருந்து வருகிறவர்கள் இறங்குகிறார்கள். அன்று பஸ்ஸிலிருந்து இறங்கினால் நகரத்தின் நடுவில் இருப்போம், அண்ணா சாலையின் தியேட்டர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கும். இப்போது நகரம் வெளியே வெளியே நகர்ந்து, தியேட்டர்களும் மால்களின் மேல்மாடிகளுக்கு ஏறிவிட்டன.

டிக்கெட் வாங்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. காரில் வரும்போதே மகன் போனில் எடுத்துவிட்டான். "யாருக்கு எந்தப் படம்?" என்று கேட்டான். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ஒரே கட்டடத்தில் பல திரைகள் இருக்கும்போது எல்லாரும் ஏன் ஒரே படம் பார்க்க வேண்டும் என்பது அவன் கணக்கு. அவனும் தங்கை மகளும் ஓர் ஆங்கிலப் படம். என் மனைவி, தங்கை, மாப்பிள்ளை மூவரும் புதிதாக வந்த தமிழ்ப் படம். சண்டையும் சத்தமும் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் அவருக்கும் எனக்கும் அமைதியான வேறொரு படம். மல்ட்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு 2017-ல் தமிழக அரசு வைத்த உச்சவரம்பு 150 ரூபாய். வரியும் சேர்ந்து இருநூறை நெருங்குகிறது. ஏழு பேருக்கும் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. மூன்று கதவுகள் வழியாக மூன்றாகப் பிரிந்து போனோமே, அதுதான் நெஞ்சில் உறுத்தியது. அன்று எல்லா டிக்கெட்டும் ஆயாவின் கையில் ஒரே கட்டாக இருந்தது. இன்று ஏழும் மூன்று போன்களில் இருந்தன.

ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு லிஃப்ட் இருந்தது. வாசலிலிருந்து இருக்கை வரைக்கும் ஒரு படி கூட ஏறாமல் கொண்டுபோய் உட்கார வைத்தேன். இருக்கை சாய்ந்தது, கால் நீட்ட இடம் இருந்தது. அம்மா படம் முழுவதையும் பார்த்தார். ஒரு நிமிஷம் கூட எழுந்திருக்கவில்லை.

எங்கள் படம் முதலில் முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வெளிக்கூடத்தில் உட்கார்ந்தோம். அப்போது எதிர்க் கதவைத் திறந்துகொண்டு ஒரு இளைஞர் வந்தார். முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைத் தட்டிக்கொடுத்தபடி கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பையிலிருந்து பால் பாட்டிலை எடுத்தார், குழந்தையின் வாயைத் துடைத்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரு பொண்டாட்டி உள்ள படம் பாக்குறா போல" என்றார் அம்மா.

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் அந்தக் கேள்வி.

"அந்தக் கல்ல சிவாஜி தூக்கிட்டாராடா?"

*

"நீ அப்புறம் உள்ள வரவே இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க வர? இவள உள்ள தூக்கினு வந்தா அழறா. வெளிய வந்தா சிரிக்கிறா."

"டி.வி.யில எத்தினி வாட்டி போட்டான்."

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் போடுவான். அப்ப நான் எங்க இருப்பேன்?"

அடுப்படியில் இருப்பார். எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து டி.வி. தெரியாது, கேட்கும். அம்மாவின் கதை ஏன் எப்போதும் பேச்சும் பாட்டுமாகவே இருந்தது என்பது நாற்பது வருஷத்துக்குப் பிறகு எனக்கு அந்த சோபாவில் விளங்கியது. அவர் அந்தப் படத்தைக் கதவுக்கு வெளியே நின்று காதால் பார்த்திருக்கிறார். உள்ளே போகிறவர் வருகிறவர் கதவைத் திறக்கும்போது சத்தம் பெரிதாகும், மூடினால் அடங்கும். அப்படித் துண்டு துண்டாகக் கேட்டதைக் கோத்து முழுக்கதையாக்கி, ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். கல்லைத் தூக்குகிற இடத்தில் பேச்சு கிடையாது. அதனால் அது மட்டும் அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

"யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நீ இன்னாத்துக்கு இப்ப மூஞ்சியத் தொங்கப் போடற? நான் அன்னிக்குச் சந்தோஷமாத்தான் இருந்தேன்."

அவர் சொன்னது இது. வெளிக்கூடத்தின் தரை ஜில்லென்று இருந்தது. முந்தானையை விரித்துத் தங்கையைக் கிடத்தினார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண்ணும் கைக்குழந்தையோடு வெளியே வந்தார். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் ராயபுரத்துக்காரர், வீட்டுக்காரருக்கு ஹார்பரில் வேலை. அம்மா மடியில் முடிந்து வைத்திருந்த வறுத்த மல்லாட்டையைப் பாதி கொடுத்தார். கடல் எப்படி இருக்கும் என்று அம்மா கேட்டார், ஏர் ஓட்டுவது எப்படி என்று அந்தப் பெண் கேட்டார். இரண்டு குழந்தைகளும் தரையில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தன.

"கண்ணாலம் ஆயி பன்னெண்டு வருசம். ஒரு நாள் ஒரு பொழுது நான் சும்மா உக்காந்ததில்ல. அந்த ஒண்ணர மணி நேரம் யாரும் என்ன ஒரு வேல சொல்லல. உள்ளேருந்து பாட்டு வருது. தரை ஜில்லுனு கீது. நல்ல மனுசி ஒருத்தி பக்கத்துல. எனுக்கு அதான்டா சினிமா."

இதைக் கேட்டதும் என் பழைய கதையும் உடைந்தது, அதற்குப் பதிலாக அந்த நிமிஷத்தில் நான் மனதுக்குள் கட்டிக்கொண்டிருந்த புதிய கதையும் உடைந்தது. எல்லாரும் சேர்ந்து படம் பார்த்த பொற்காலம் என்பது உண்மையில்லை. ஒருத்தர் வெளியே போனதால்தான் மற்றவர்கள் உள்ளே நிம்மதியாக உட்கார முடிந்தது. ஆனால் வெளியே போனவர் வெறும் இழப்போடு உட்கார்ந்திருந்தார் என்பதும் உண்மையில்லை. அவர் தனக்கென்று ஒரு விடுமுறையை அந்தத் தரையில் கண்டெடுத்திருந்தார். எங்கள் விடுமுறை எங்களுக்குக் கொடுக்கப்பட்டது. அம்மாவின் விடுமுறை குழந்தை அழுததால் கிடைத்தது. வருஷத்துக்கு 365 நாளும் உழைக்கிற ஒருவருக்கு ஓய்வு இப்படித் தற்செயலாகத்தான் வந்து சேர வேண்டுமா என்பதே என்னைத் தூங்கவிடாத கேள்வி.

*

மறுநாள் அம்மாவை மெட்ரோவில் கூட்டிக்கொண்டு அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினேன். அண்ணா சாலையின் இந்தப் பகுதிக்கு அடியில் 2019-லிருந்து ரயில் ஓடுகிறது. மேலே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் சாந்தி தியேட்டர் இருந்த இடம். தியேட்டர் 2016 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. இப்போது வணிகக் கட்டடம். அம்மா நடைபாதையில் நின்று, எந்தப் பக்கம் படி இருந்தது, எந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம் என்று கண்ணாலேயே அளந்து பார்த்தார். அகப்படவில்லை. ஆனந்தும் சபையரும் கூட இல்லை. தேவி இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போய் அண்ணா சாலைத் தபால் நிலையத்துக்குள், 1913-ல் வார்விக் மேஜர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டரைக் காட்டினேன். தென்னிந்தியாவின் தொடக்ககாலச் சினிமாக் கட்டடங்களில் ஒன்று. இன்று அதில் தபால்தலை மையம் நடக்கிறது. "படம் போடாட்டியும் செவுரு நிக்குதே, அதுவே போதும்" என்றார் அம்மா.

அன்று சாயங்காலமே ஊர் திரும்பினோம். வரும் வழியில் மகன் தான் பார்த்த படத்தைப் பற்றிச் சொன்னான், தங்கை தான் பார்த்ததைச் சொன்னாள். ஒருவர் சொன்னது அடுத்தவருக்குப் பாதிதான் புரிந்தது. திண்டிவனத்துக்குப் பிறகு பேச்சு நின்று எல்லாரும் போனைப் பார்த்தார்கள். ஒரே படத்தைப் பார்த்துவிட்டு ஒரே பஸ்ஸில் வந்த 1985-ல், ஊர் வரைக்கும் வாய் மூடாமல் பேசிக்கொண்டு வந்தோம். இந்த ஒன்றை மட்டும் நான் திரும்பக் கேட்பேன். தண்ணீர் குடிக்காத பயணத்தையோ, கதவுக்கு வெளியே நின்ற அம்மாவையோ கேட்க மாட்டேன். எல்லாரும் பார்த்த ஒன்றைப் பற்றி எல்லாரும் பேசுகிற அந்தப் பேச்சு மட்டும் வேண்டும்.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தங்கை குடும்பத்தையும் வரச் சொல்லி, கூடத்து டி.வி.யில் 'முதல் மரியாதை'யைப் போட்டோம். போன் எல்லாவற்றையும் மாடத்தில் வைக்கச் சொன்னேன். சமையலைப் பகலிலேயே முடித்திருந்தோம். அம்மாவுக்கு நடுவில் நாற்காலி.

அவர் பேச்சை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு குரலுக்கும் உரிய முகத்தை அப்போதுதான் பொருத்திப் பார்க்கிறவர் போலத் திரையை உற்றுப் பார்த்தார். கல் வந்தது. சிவாஜி குனிந்தார்.

"இங்கதான் விசிலடிச்சாங்கோ" என்றார் அம்மா. "இங்கதான் இவ அழுதா."

தங்கை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது. நாற்பது வயதில், இரண்டு வார்த்தையில், அவளுக்கு அந்த மத்தியானம் முழுவதும் தெரிந்துவிட்டது.

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. கல் மண்ணை விட்டு எழும்பியது. நெஞ்சு வரைக்கும் வந்தது, தோளுக்கு ஏறியது.

"தூக்கிட்டாரு" என்றார் அம்மா, மெல்ல.

பிறகு பழக்கத்தில் நாற்காலியின் கையை ஊன்றி எழப் போனார். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

தங்கை அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். "நீ உக்காரும்மா. நான் போறேன்."

மீதிப் படத்தை அம்மா உட்கார்ந்து பார்த்தார்.